கொத்துற கோழியும் கொத்துப்படுற கோழியும்

(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கால்நடைத் தொழில் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் நம்ம கூட்டமைப்பில் பசு சகியாக வேலை பார்க்கிறேன். பேருதான் பசு சகி. என்னைக் கூப்பிடுவது பாதிக்கு மேல கோழிக்குத்தான். வெள்ளைக் கழிச்சல், அம்மை, தடுப்பூசி இதையெல்லாம் எனக்கு அடுத்து கால்நடை மருத்துவர் பேசப் போறாங்க. அதனால நான் அந்தப் பக்கம் போகலை. டாக்டரிடம் போய்ச் சொன்னா சிரிப்பாங்களோன்னு நாம சொல்லாம விடுற ஒரு தொல்லையைப் பத்திப் பேசப் போறேன். அது கோழிச் சண்டை. சேவல் சண்டை இல்லை, பெட்டைக்கோழிச் சண்டை.

ரெண்டு, மூணு கோழி வளர்த்த காலத்துல இது பெரிய விஷயமா இல்லை. இப்போ குழுவில் கடன் வாங்கி பதினஞ்சு, இருபதுன்னு வளர்க்கிறோம். அதுலயும் ஒரே தாய் வயித்துக் கோழியா கிடைக்கிறதில்லை. சந்தையில் அஞ்சு, சொந்தக்காரங்க வீட்டுல நாலு, திட்டத்துல கொடுத்த குஞ்சு கொஞ்சம்னு பல வாசல் கோழியை ஒரே கூண்டுக்குள்ள விடுறோம். அங்கதான் ஆரம்பிக்குது.

நாட்டுக்கோழி ஒரு ஈடுக்குப் பன்னிரண்டு, பதினஞ்சு முட்டை வைக்கும். வருஷத்துக்கு மூணு, நாலு ஈடு. கொத்து வாங்கிப் பயந்துபோன கோழி சரியா இரை எடுக்காது, முட்டையை நிறுத்திடும். ஒரு ஈடு போச்சுன்னா அந்தக் கோழியோட வருஷ வரவுல மூணுல ஒரு பங்கோ, நாலுல ஒரு பங்கோ போச்சு. தவணை மட்டும் மாசம் தவறாம வரும். அதனால இது சின்ன விஷயம் இல்லை.

முதல்ல ஒன்னு தெரிஞ்சுக்கணும். கோழிக்குக் கோழி கொத்துறது எல்லாமே கெட்டது கிடையாது. கோழிக் கூட்டத்துல ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லாத்தையும் கொத்தும், ரெண்டாவது கோழி முதலைத் தவிர மத்ததைக் கொத்தும். இப்படியே இறங்கி, கடைசிக் கோழி யாரையும் கொத்தாது, எல்லார்கிட்டயும் வாங்கும். இதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே நார்வே நாட்டுக்காரர் ஒருத்தர், ஷெல்டெரப் எப்பே என்பவர், கண்டுபிடிச்சு எழுதியிருக்கார். சின்னப் பையனா இருந்தப்பவே கோழியை உட்கார்ந்து பார்த்துக் குறிச்சு வச்சவர். நம்ம பாட்டிமாருக்கும் இது தெரியும், எழுதி வைக்கலை, அவ்வளவுதான்.

வரிசை நின்னுட்டா சண்டை குறைஞ்சிடும். தலைக்கோழி ஒரு பார்வை பார்த்தா அடுத்தது ஒதுங்கும். தலையில ஒரு கொத்து, துரத்தல், ரெண்டு இறகு பறக்கிறது, இதுக்கெல்லாம் நாம கம்பை எடுத்துக்கிட்டு ஓட வேண்டியதில்லை. ஓடினா வரிசை நிக்கவே நிக்காது, சண்டை நீளும்.

எப்போ நாம உள்ள போகணும்? மூணு அடையாளம் சொல்றேன். ஒன்னு, இரத்தம். ரெண்டு, ஒரு கோழியை இரைக்கும் தண்ணிக்கும் கிட்டவே வரவிடாம நாள் முழுக்கத் துரத்துறது. மூணு, ஒரே கோழியை நாலஞ்சு சேர்ந்து மடக்கி, முதுகையோ பின்பக்கத்தையோ கொத்துறது. இதுல எதைப் பார்த்தாலும் அன்னைக்கே கை வைக்கணும், நாளைக்குப் பார்க்கலாம்னு விடக்கூடாது. கோழிக்குச் சிவப்பைக் கண்டா கொத்தத் தோணும். ஒரு கோழி ஆரம்பிச்ச இடத்தைக் கூட்டமே கொத்திக் குடலை எடுத்திடும். காலையில் பார்த்தா கோழி செத்துக் கிடக்கும், நாம கீரி மேல பழி போடுவோம்.

இரத்தம் வந்த கோழியை உடனே தூக்குங்க. ஆறவச்ச சுத்தமான தண்ணியில் புண்ணைக் கழுவி, மஞ்சத்தூளை வேப்பெண்ணெயில் குழைச்சுத் தடவுங்க. கால்நடை மருந்தகத்துல ஊதா கலர் மருந்து கேட்டு வாங்கி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. புண்ணையும் ஆத்தும், இரத்தச் சிவப்பையும் மறைக்கும். புண் ஆழமா இருந்தாலோ புழு வச்சிருந்தாலோ மருந்தகத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போங்க.

அடுத்து, சண்டைக்குக் காரணம் தேடணும். கோழிக்குத் திமிர்னு சொல்லிட்டு விட்டுடாதீங்க. நான் போற வீடுகள்ல வரிசையாப் பார்க்கிறது இதுதான்.

முதல்ல இடம். ராத்திரி அடைக்கிற கூண்டுல கோழிக்கு ரெண்டு சதுர அடியாவது வேணும். உட்காருகிற கம்புல ஒரு கோழிக்கு ஒரு சாண் அளவு. அதைவிட நெருக்கினா விடியுறதுக்குள்ள சண்டை.

ரெண்டாவது, இரைத்தட்டு. இருபது கோழிக்கு ஒரே தட்டு வச்சா அது தலைக்கோழியோட தட்டு. மூணு இடமா பிரிச்சு, ஒன்னு இருக்கிற இடத்துல இருந்து இன்னொன்னு தெரியாதபடி வையுங்க. தண்ணியும் அப்படியே. இதுக்குச் செலவே இல்லை, பழைய தேங்காய்ச் சிரட்டை போதும்.

மூணாவது, சத்து. வெறும் அரிசியும் குருணையும் போட்டா வயிறு நிறையும், சத்து நிறையாது. புரதம் குறைஞ்சா கோழி அடுத்த கோழியோட இறகைப் பிடுங்கித் தின்னும். கடலைப் புண்ணாக்கு, அசோலா, முருங்கைக்கீரை சேருங்க. குஞ்சுகளுக்கு நம்ம பழைய முறையில் கறையான் பிடிச்சுப் போடுங்க. பானையில் பழைய சாக்கு, காய்ஞ்ச சாணி வச்சுத் தண்ணி தெளிச்சு சாயங்காலம் கவுத்தினா, காலையில் கறையான் ஏறியிருக்கும். தாது உப்புக் கலவை எவ்வளவு போடணும்னு டாக்டரிடம் கேட்டுட்டுப் போடுங்க. உப்பு குறைஞ்சாலும் கொத்தும், கூடினா செத்தே போகும்.

நாலாவது, பேனும் செல்லும். ராத்திரியெல்லாம் கடி வாங்கின கோழி பகல்ல எரிச்சலாத்தான் இருக்கும். நிழல்ல ஒரு குழி தோண்டி, மண்ணும் அடுப்புச் சாம்பலும் காய்ஞ்ச வேப்பிலைப் பொடியும் கலந்து போடுங்க. அதுவே புரண்டு குளிச்சுக்கும்.

அஞ்சாவது, முட்டை வைக்கிற இடம். முட்டை வைக்கும்போது கோழியோட பின்பக்கம் சிவந்து வெளியே தெரியும். வெளிச்சமான இடத்துல வச்சா மத்தது கொத்தும். நாலஞ்சு கோழிக்கு ஒரு பானையோ கூடையோ, வைக்கோல் போட்டு இருட்டு மூலையில் வையுங்க.

ஆறாவது, சேவல். எட்டு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கூடுதலா இருந்தா பெட்டைகளோட முதுகு இறகு போயிடும், அந்த வழுக்கை இடத்தை மத்தது கொத்த ஆரம்பிக்கும்.

இன்னொன்னு கவனிங்க. நேத்து வரைக்கும் ராணி மாதிரி இருந்த கோழி இன்னைக்குத் திடீர்னு கொத்து வாங்குதுன்னா, சண்டைன்னு நினைக்காதீங்க. அது சீக்கா இருக்கலாம். நம்ம கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே கூட இருக்கிற கோழிக்குத் தெரிஞ்சிடும். எச்சத்தைப் பாருங்க, கண்ணைப் பாருங்க, நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எல்லாம் சரி பண்ணியும் ஒரு கோழி அடங்கலை. என்ன செய்யறது?

நம்ம ஊர்ல ஒரு அக்கா, பேரு வேண்டாம், குழுக்கடன்ல இருபது கோழி வாங்கி வளர்க்கிறாங்க. வீட்டுக்காரர் இல்லை, ரெண்டு பிள்ளை படிக்குது. அதுல ஒரு கருஞ்சிவப்புக் கோழி, அசில் கலப்பு. ஒரு மாசத்துல ரெண்டு வெடைக்கோழியைக் கொத்தியே கொன்னுடுச்சு. மூணாவது ஒன்னு முதுகு கிழிஞ்சு கிடந்துச்சு. முட்டையும் பாதியா குறைஞ்சு, தவணைக்கு இடிக்குதுன்னு குழுக் கூட்டத்துலயே அழுதாங்க. ஞாயித்துக்கிழமை அந்தக் கோழியை அறுத்திடுறதுன்னு முடிவு பண்ணி, அதுக்கு முன்னாடி புண்ணுக்கு மருந்து கேட்டு என்னைக் கூப்பிட்டாங்க.

நான் போய்ப் பார்த்தப்போ அவங்க அடிபட்ட கோழியைப் பின்கட்டு அறைக்குள்ள அடைச்சு வச்சிருந்தாங்க. அடிச்ச கோழி முத்தத்துல ராஜ நடை நடக்குது. பெரும்பாலும் எல்லாரும் இப்படித்தான் செய்யறோம், பாவம்னு சொல்லி அடிபட்டதைத் தூக்கி உள்ள வைக்கிறோம். இதுல ரெண்டு நஷ்டம். அடிச்சதுக்கு இடம் இன்னும் உறுதியாகுது. அடிபட்டதைக் கூட்டம் மறந்துடுது. கோழி ஒன்னை ஒன்னு முகத்தையும் கொண்டையையும் பார்த்துத்தான் அடையாளம் வச்சுக்கும். ரெண்டு, மூணு வாரம் கண்ணுல படலைன்னா அது புதுக்கோழி. திரும்ப விடும்போது கடைசி இடத்துல இருந்து மறுபடி அடி வாங்கணும்.

அந்தச் செவலையைப் பத்திக் கேட்டேன். "அடை வச்சா எப்படி?" "பன்னிரண்டு வச்சா ஒன்பது, பத்து பொரிக்கும்." "காக்கா, பருந்து?" "கிட்டவே வராது தாயி, பறந்து அடிக்கும்" அப்படின்னாங்க. அப்போ பாருங்க, நாம அறுக்கப் போனது அந்த வீட்டுக்கே நல்ல தாய்க்கோழியை. கூட்டத்துல தொல்லை கொடுக்கிற அதே முரட்டுக்குணம்தான் குஞ்சைக் காப்பாத்துது. எல்லா முரட்டுக்கோழியும் இப்படி இருக்கும்னு சொல்லலை. ஆனா அறுக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும்.

அவங்க வீட்டுல செஞ்சதை அப்படியே சொல்றேன், ஒவ்வொரு படியா.

முதல்ல ரெண்டையும் பிரிச்சோம், ஆனா மாத்திப் பிரிச்சோம். அடிபட்ட கோழியை அறையில் இருந்து எடுத்து, முத்தத்துல மத்த கோழி மேயுற இடத்துலயே பஞ்சாரத்தைக் கவுத்து உள்ள விட்டோம். கூடவே சாதுவான ஒரு வெடையையும் விட்டோம், துணைக்கு. மத்தது வந்து பார்க்கும், சீண்டும். கொத்து உடம்புல படாதபடி உள்ள தூரம் இருக்கணும், அதனால அகலமான பஞ்சாரம் வேணும். இரையும் தண்ணியும் பஞ்சாரத்துக்குள்ள ஓரமா, வெளியே மத்த கோழிக்கும் பக்கத்துலயே. ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் தின்னணும். சேர்ந்து தின்னுப் பழகினா பாதி வேலை முடிஞ்சது.

அடிச்ச செவலையைத்தான் முத்தத்தை விட்டு வெளியேத்தினோம். பக்கத்து வீட்டுத் தொழுவத்துல, நிழலும் தண்ணியும் உள்ள இடத்துல வச்சோம். தலைக்கோழி இல்லாதப்போ மத்தது தங்களுக்குள்ள புது வரிசை போட்டுக்கும். அது திரும்பி வரும்போது வீட்டுக்காரியா வராது, விருந்தாளியா வரும்.

ஏழாம் நாள் புண் காய்ஞ்சு, இறகுக் குருத்து விட ஆரம்பிச்சது. குருத்துல இரத்தம் இருக்கும், அதையும் கொத்தும். அதனால முளைச்ச இடத்துல ஊதா மருந்தைத் தொட்டு வச்சோம். அன்னைக்குச் சாயங்காலம் எல்லாக் கோழியும் கூண்டு ஏறினப்புறம், இருட்டினதும், அந்த ரெண்டையும் எடுத்துக் கம்புல மத்த கோழிக்கு நடுவுல உட்கார வச்சோம். இருட்டுல கோழிக்குக் கண்ணு சரியாத் தெரியாது, சண்டை போடாது. ஆனா விடியும்போது நாம அங்க நிக்கணும். நிக்காம விட்டா ராத்திரி செஞ்ச வேலை வீண். வெளிச்சம் வந்த உடனே கூண்டைத் திறந்து, இரையை மூணு இடத்துல இறைச்சு, கீரைக்கட்டைத் தாவிக் கொத்துற உயரத்துல கட்டித் தொங்கவிட்டோம். வாய்க்கு வேலை இருந்தா கொத்துக்கு நேரம் இருக்காது. சுவத்துல ரெண்டு தென்னங்கீத்தைச் சாய்ச்சு வச்சோம், துரத்தினா ஓடி ஒளியுறதுக்கு. ரெண்டு பக்கமும் வழி விட்டு வைக்கணும். ஒரு பக்கம் அடைச்சிருந்தா அதுவே பொறி.

முதல் அரை மணி நேரம் சும்மா நின்னு பார்த்தோம். நாலு கொத்து விழுந்துச்சு, இரத்தம் இல்லை, விட்டுட்டோம். ரெண்டு நாள் கழிச்சு, அதே மாதிரி ராத்திரியில் செவலையைச் சேர்த்தோம். காலையில் அது ரெண்டு கோழியோட முட்டுச்சு, ஒன்னுகிட்டத் தோத்துச்சு. அதுக்கப்புறம் தலைக்கோழி வேற. செவலை ரெண்டாவதோ மூணாவதோ, அதோட நிம்மதியா இருக்கு. அடுத்த ஈடு அதை அடை வச்சாங்க, பதினொன்னு வச்சு ஒன்பது குஞ்சு. முதுகு கிழிஞ்ச கோழியும் இப்போ முட்டை வைக்குது. அந்த அக்கா தவணை கட்டிக்கிட்டு வர்றாங்க, இன்னைக்கு இந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க.

இப்படிச் செஞ்சும், மறுபடி மறுபடி இரத்தம் பார்க்கிற கோழி உண்டு. ரெண்டு தடவை பிரிச்சுச் சேர்த்தும் அடங்கலைன்னா, அதைத் தனியா ஒரு சேவலோட வளருங்க, இல்லைன்னா வித்திடுங்க. ஒன்னுக்காக இருபதை இழக்க வேண்டாம். பண்ணைக்கோழிக்குப் பண்ற மாதிரி மூக்கை வெட்டலாமான்னு சிலர் கேட்கிறாங்க. நம்ம கோழி கிளறித் தின்னுப் பிழைக்கிறது. மூக்குதான் அதுக்குக் கை. வெட்டாதீங்க.

அடைக்கோழி பத்தி ஒரு வார்த்தை. அடையில் இருக்கிற கோழி சிலிர்த்துக்கிட்டுக் கையைக் கொத்தும், பக்கத்துல வர்ற கோழியைக் கொத்தும். அது முரட்டுத்தனம் இல்லை, இருபத்தோரு நாள் காவல் வேலை. முட்டை வைக்கிற இடத்துலயே அடை வைக்காம தனி மூலையில் வையுங்க. அடை வேண்டாம்னு மூக்குல இறகைக் குத்துறது, தண்ணியில் முக்குறது எல்லாம் விட்டுடலாம். அடியில் காத்துப் போற மாதிரி கம்பிக் கூண்டுல, வைக்கோல் போடாம, இரை தண்ணியோட மூணு நாலு நாள் வச்சா அடை கலைஞ்சிடும். அந்தக் கூண்டும் மத்த கோழி கண்ணுல படுற இடத்துலயே இருக்கட்டும்.

தாய்க்கோழி குஞ்சைக் கொத்தி விரட்டுறதைப் பார்த்துப் பதறாதீங்க. ரெண்டு மாசம் ஆனா அது பிரிச்சு விடுற நேரம். அந்த நேரத்துல குஞ்சுகளை ஒன்னாவே வைங்க, தனித்தனியாப் பிரிக்காதீங்க. கூட்டமா இருந்தா பெரிய கோழிகளுக்கு நடுவுல தாக்குப் பிடிக்கும். பெரிய கோழி நுழைய முடியாத சின்னச் சந்து வச்ச கூடைக்குள்ள குஞ்சுகளுக்கு இரை வையுங்க.

சந்தையில் இருந்து வாங்கி வர்ற கோழிக்கு மட்டும் கணக்கு வேற. நம்ம வீட்டுக் கோழியைப் பிரிச்சா கண்ணெதிரே வைக்கணும். வெளிக்கோழி வந்தா முதல்ல கண்ணுக்கு அப்பால வைக்கணும். மூணு வாரமாவது வேற இடம், வேற தண்ணிப் பாத்திரம், அதைக் கடைசியாப் போய்ப் பார்த்துட்டுக் கை கால் கழுவணும். சீக்கு இல்லைன்னு தெரிஞ்சு, தடுப்பூசியும் போட்டப்புறம்தான் பஞ்சாரம், ராத்திரிக் கம்பு எல்லாம். ஒத்தைக் கோழியா வாங்காதீங்க, ரெண்டா வாங்குங்க. ஒன்னா வந்தா எல்லாக் கொத்தும் அதுக்கே.

இதை நான் எந்தக் குழுவில் பேசினாலும், "இது எங்க மாமியார் கதை", "இது எங்க குழுக்கதை"ன்னு சிரிப்பாங்க. சிரிங்க, நானும் சிரிக்கிறேன். ஆனா கோழிக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. கோழி மூணு வாரத்துல மறந்துடும், நாம மறக்க மாட்டோம். நம்ம குழுக்கள்ல சேமிப்பு கட்ட முடியாம நின்னுபோன அக்காமார் இருக்காங்க. அவங்களைக் கூட்டத்துக்காவது வந்து உட்காரச் சொல்லுங்க. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா திரும்பச் சேருறது சுலபம். இதை எனக்குக் கோழி சொல்லிக் கொடுக்கலை, நம்ம குழுவே சொல்லிக் கொடுத்தது.

கடைசியா நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. சண்டை வந்த அன்னைக்குப் பஞ்சாரம் தேடி அலையுறதுக்குள்ள கோழி போயிடுது. குழுவுக்கு ரெண்டு பெரிய பஞ்சாரமும், ஒரு கம்பிக் கூண்டும், ஒரு பாட்டில் ஊதா மருந்தும் பொதுவில் வாங்கி வைக்க இன்னைக்கே தீர்மானம் போடுங்க. யாருக்குத் தேவையோ எடுத்துட்டுப் போய், கழுவி வெயில்ல காயவச்சுத் திருப்பித் தரட்டும். பஞ்சாரம் பின்னுற அண்ணன்மார் நம்ம பக்கத்து ஊர்லயே இருக்காங்க, அவங்களுக்கும் வேலை கிடைக்கும்.

யார் வீட்டுலயாவது கோழி கொத்துதுன்னா அறுக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க.